மயக்க மருந்து டாக்டர் கேட்ட கேள்வி

சென்ற வருடம் ஆடி மாதம். ஆலங்குடியிலிருந்து ஊருக்கு வரும் வழியில் என் கணவர் வண்டியோடு பாலத்துக் கட்டையில் மோதி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அடுத்த நாள் பரிசோதனையெல்லாம் முடிந்து, மறுநாள் காலை ஆபரேஷன் என்றார்கள்.

அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் மகளுக்குப் பூ வைத்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். சம்பந்தி வீட்டார் சீர், நகை என்று வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. குடிக்கிற வீட்டில் மட்டும் சம்பந்தம் வைக்க மாட்டோம் என்றார்கள்; அவர்கள் வீட்டில் அதனால் ஒரு சாவு விழுந்திருந்தது. எங்கள் வம்சத்திலேயே அந்தப் பழக்கம் கிடையாது என்று என் கொழுந்தனார் அடித்துச் சொன்னார். என் கணவருக்கோ சாயங்காலம் ஆனால் பாட்டில் வேண்டும். கல்யாணம் முடிந்ததும் விட்டுவிடுகிறேன் என்பார். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பெண்ணைப் பெற்றவள் வேறென்ன செய்வாள்?

ஆஸ்பத்திரியில் படுத்தவரைப் பார்க்க வராவிட்டால் எங்கள் பக்கம் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள். சம்பந்தி வீட்டில் மொத்தப் பேரும் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். மற்றவர்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் என்றார். சம்பந்தியைப் போய் வெளியே நில்லுங்கள் என்று யார் சொல்வது? "இருக்கட்டும்மா, எல்லாம் நம்ம ஆளுகதான்" என்று என் கணவரே அவர்களை நிறுத்திக்கொண்டார்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, பல்செட்டு என்று கேட்டுக்கொண்டே வந்த டாக்டர், குடிப்பீர்களா என்றார். இல்லை என்றார் இவர். டாக்டர் விடவில்லை. மயக்கம் தெளிவதோடு எங்கள் வேலை முடிந்தது என்று முன்பெல்லாம் நினைத்தோம். இப்போது வருகிற ஆராய்ச்சியெல்லாம் அதற்கப்புறம் வரும் நாட்களைக் கவனிக்கச் சொல்கிறது என்றார். தினமும் குடிக்கிறவருக்கு அது சட்டென்று நின்றுபோனால் புத்தி தடுமாறும், வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து; முன்னாலேயே தெரிந்தால் மருந்து கொடுத்துக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று பொறுமையாகச் சொன்னார். மறுபடி கேட்டார். இவர் மறுபடி இல்லை என்றார். கொழுந்தனாரும் கூடச் சேர்ந்து இல்லை என்றார். ஒரு நாள் குடிக்காததற்கே போர்வைக்கு அடியில் இவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் பின்னாலேயே போய்க் காதோடு சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள். அவர்களுக்கென்ன, கேட்பார்கள். எனக்கு வாய் முந்திக்கொண்டது.

"குடிப்பாருங்க. தெனமும் குடிப்பாரு. நேத்து விழுந்ததே குடிச்சுட்டு வந்துதான்."

சம்பந்தியம்மா பழப் பையை ஸ்டூலில் வைத்துவிட்டு, "அப்ப நாங்க வாரோம்" என்று நடந்தார். அந்த வாரமே, ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகுதான் டாக்டர் பயந்தது வந்தது. மருந்து போய்க்கொண்டிருந்தும் இவர் கண் ஒரு நிலையில் இல்லை. உடம்பெல்லாம் வியர்வை. குழாயைப் பிடுங்கினார், நர்ஸைத் தள்ளிவிட்டார். கையைக் கட்டிப் போட்டார்கள். "கடலைக்கொல்லையில ஆடு மேயுது, ஓட்டுடி" என்று சுவரைப் பார்த்தபடி என்னிடம் கத்தினார். நானும் எழுந்துபோய் இல்லாத ஆட்டை ஓட்டினேன். அழுதுகொண்டே ஓட்டினேன்.

அவருக்குத் தெளிந்த பிறகு டாக்டரம்மா வந்தார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா, ஆளு பொழச்சிருப்பாருன்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றார். இவரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

இப்போது கோலூன்றி நடக்கிறார். குடிப்பதில்லை. என்னோடு பேசுவதும் இல்லை. சோறு வேண்டுமென்றால் மகளைக் கூப்பிட்டு, "ஒங்க ஆத்தாளப் போடச் சொல்லு" என்கிறார். அவளுக்கு இன்னும் வேறு இடம் அமையவில்லை. ஒரு வார்த்தை அவள் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தாலாவது நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

புத்தி தடுமாறிக் கிடந்தபோது ஆட்டை ஓட்டச் சொன்னாரே, அதுதான் என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது. பக்கத்து அறையில் அவர் இருமும்போதெல்லாம், ஆள் இருக்கிறார், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். போதவில்லைதான், ஆனாலும் அந்த டாக்டர் இன்னொரு தடவை வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.