அப்பா வாங்கிய அறை

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, குற்றாலத்துப் படகுக் குளத்தில் அத்தனை பேர் பார்க்க என் அப்பாவை ஒருவர் அறைந்தார். அறைந்தவர்மேல் வந்ததைவிட அப்பாமேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம் வந்தது.

அப்பா அச்சன்புதூரில் மோட்டார் மெக்கானிக். அந்த சீசனுக்குப் படகுகளைக் குத்தகை எடுத்தவர், புது மோட்டார் படகில் பெட்ரோல் டேங்க் பொருத்த அவரைக் கூப்பிட்டார். பின் சீட்டுக்கு அடியில், மூடிய பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். அப்பா மறுத்துவிட்டார்.

"காத்து போவ வழியில்ல அண்ணாச்சி. பெட்ரோல் ஆவி அடியிலயே தங்கும். ஒரு பொறி பட்டா போதும்."

"நாலு நாள்ல சீசன். நீரு எனக்குப் பாடம் நடத்துதீரா?" என்றவர், வேறு ஆளை வைத்து டேங்கை அங்கேயே கயிற்றால் கட்டி முடித்துக்கொண்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை கடையத்து மாமா பிள்ளைகள் நால்வரும் வந்திருந்தார்கள். அப்பா எங்களைக் குளத்தருகே இறக்கிவிட்டு ஆட்டோவை நிறுத்தப் போனார். குத்தகைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏட்டி, ஒங்கப்பனுக்குத்தான் பயம். நீ ஏறு. டிக்கெட் வேண்டாம்."

ஐந்து பேரும் ஏறினோம். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. எனக்கு அது பிடித்தே இருந்தது. அப்பாவின் சட்டையிலும் அதே வாடைதான்.

"ஸ்டார்ட் பண்ணாதிய!" என்று கத்திக்கொண்டே அப்பா ஓடிவந்தார். முழங்கால் தண்ணீரில் இறங்கி, முதலில் என்னைத் தூக்கிக் கரையில் போட்டார். பெட்டியைத் திறந்தால் அடியில் பெட்ரோல் தேங்கிக் கிடந்தது. கயிற்றை அறுத்து, குழாயைக் கழற்றி, டேங்கை வெளியே தூக்கினார்.

"எம் படகுல கைவைக்க நீ யாருலே?" என்று கேட்டுக்கொண்டே குத்தகைக்காரர் அறைந்தார். இன்னொரு முறையும் அறைந்தார்.

"திருப்பி அடிங்கப்பா!" என்று நான் அலறினேன். அப்பா அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. கரையில் புகைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "அந்த சிகரெட்ட அணச்சிருங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு மெல்ல நடந்தார்.

மறுநாளே அந்த டேங்கை அதே பெட்டிக்குள் வைத்து ஓட்டினார்கள். அப்பா எழுதிக்கொடுத்த புகாரை யாரும் பிரித்தே பார்க்கவில்லை. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அன்று எனக்கு எரிந்தது வேறு. அப்பாவுக்கு ரோஷமே இல்லை என்று அம்மாவிடம் சொல்லி அழுதேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அடி வாங்கிய நேரத்தில் அவருடைய இரண்டு கைகளிலும் நிறைந்த டேங்க் இருந்ததும், படகுக்குள் மாமா பிள்ளைகள் நால்வரும் இன்னும் இறங்காமல் உட்கார்ந்திருந்ததும் என் கண்ணில் படவே இல்லை.