வடிக்கக் கூடாத பாஸ்தா

ஒப்பந்த நர்ஸாகப் பல வருடம் ஓடிய பிறகு என் மனைவிக்கு நிரந்தர வேலைக்கான ஆர்டர் வந்தது. போட்ட இடம் கல்வராயன் மலைமேல். கள்ளக்குறிச்சியிலிருந்து தினம் போய்வருவது ஆகாத காரியம். வாரத்துக்கு ஐந்து நாள் அங்கேயே தங்கவேண்டும். திங்கட்கிழமை காலை பஸ் ஏறும்போது சொன்னாள்: "ஒரு வாரம் பாக்கறேங்க. புள்ள ஒழுங்கா சாப்பிடலன்னா, வேலையே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வூட்டுக்கு வந்துடுவேன்."

ஆறாவது படிக்கும் மகள் பக்கத்தில் நின்று இதைக் கேட்டாள். பஸ் கிளம்பியதும் அழவில்லை. பேசவும் இல்லை. அம்மா திரும்பி வரவேண்டும், அதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை. எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது?

அன்று சாயங்காலம் உரக்கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டேன். மகளுக்குப் பிடிக்கும் என்று பாஸ்தா. "ஒரே குண்டான்தாங்க. வெங்காயம் தக்காளி வதக்கி, தண்ணி ஊத்தி, பாஸ்தாவப் போட்டுடுங்க. இருவது நிமிஷம்" என்று மனைவி சொல்லிக் கொடுத்திருந்தாள். இருபது நிமிடம் ஒரு இடத்தில் நிற்கிற ஆளா நான்? பூண்டு உரித்துக்கொண்டே அவளுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. தக்காளி வதங்குவதற்குள் இன்னும் இரண்டு தடவை. தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு, பாஸ்தா எல்லாவற்றையும் போட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய் ஒரு தடவை. நான் மாடியில் நின்றால் மலையில் டவர் கிடைத்துவிடுமா? ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாளா, தங்க இடம் எப்படி, ஒன்றும் தெரியவில்லை. எரிச்சலாக வந்தது. யார்மேல் என்றுதான் புரியவில்லை.

இறங்கி வந்தபோது குண்டான் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்து நசுக்கினேன். வெந்திருந்தது. அதற்குமேல் என் கை என்னைக் கேட்கவில்லை. எங்கள் வீட்டுச் சமையலில் என் வேலை ஒன்றே ஒன்றுதான், சோறு வடிப்பது. கல்யாணமான நாளிலிருந்து, தட்டால் மூடி, துணி பிடித்துத் தூக்கி, பக்கத்து வீட்டு மாட்டுக்கு வைத்திருக்கும் கழுநீர் வாளியில் கஞ்சியை வடிக்கிறேன். அன்றும் வடித்தேன். சிவப்பாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை சாய்த்துப் பிடித்தேன்.

"இன்னாப்பா பண்ணிக்கினு இருக்க?" சமையலறை வாசலில் மகள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. "அத வடிக்கக் கூடாதுப்பா. அந்தத் தண்ணியிலதான் எல்லாமே இருக்குது."

எல்லாமே மாட்டுக்குப் போய்விட்டது. தட்டில் வெளுத்த பாஸ்தாவும் நாலு தக்காளித் தோலும் கிடந்தன. எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். அவள் நாலு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டாள்.

அப்போது பார்த்துப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். போய்ச் சேர்ந்ததைக்கூடச் சொல்லாமல், "சாப்ட்டியா பாப்பா? இன்னா சாப்ட்ட?" என்றாள் மனைவி.

மகள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளதைச் சொன்னால் போதும், அம்மா வந்துவிடுவாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் சொல்லிவிடவேண்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"பாஸ்தாம்மா. அப்பா நல்லாத்தான் செஞ்சாரு. ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்டேன்."

போனை வைத்ததும் தட்டைத் தன் பக்கம் இழுத்து மீதியைச் சாப்பிட ஆரம்பித்தாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"நாளைக்கு வடிச்சிடாதப்பா" என்றாள்.