ராஜபாளையத்து மாடி ஆபீஸ்

டிரேடிங் கம்பெனி என்றால் நூலோ பஞ்சோ வாங்கி விற்பார்கள் என்றுதான் நினைத்தேன். ராஜபாளையத்தில் வேறென்ன நினைக்கத் தோன்றும்?

கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வத்திராயிருப்பில் வீட்டோடு இருந்தேன். செல்போனில் விளம்பரம் பார்த்து விண்ணப்பம் அனுப்பிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி இன்டர்வியூவுக்குப் போனேன்.

பாத்திரக்கடைக்கு மேல் ஆபீஸ். வாசல் மேசையிலிருந்த பெண் என் போனை வாங்கி ஒரு தட்டில் வைத்துக்கொண்டாள். உள்ளே இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். ஒரிஜினல் சான்றிதழ்கள் இருந்த ஃபைலை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். எனக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பஸ்ஸில் வழி முழுக்கப் பஞ்சு ரகங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அப்பா என்ன பண்றாக?”

“மிலிட்டரில இருந்தாங்க சார். ரிட்டயர்டு.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ரிட்டயர்மென்ட்ல வந்த பணம் பேங்க்லதான கெடக்கு? சொந்தத்துல இன்னும் யாரு யாரு மிலிட்டரி, போலீஸ்?”

சித்தப்பா, மாமா என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒவ்வொருவரின் நம்பரையும் கேட்டார். நினைவில் இருந்த மாமா நம்பரைச் சொன்ன பிறகுதான் சந்தேகம் தட்டியது.

“இது என்ன வேலை சார்?”

“ஆன்லைன் டிரேடிங். ஒங்க சொந்தக்காரவுக பணம் போடுவாக, நாம பெருக்கிக் குடுப்போம். மொதல்ல அப்பாட்ட இருந்து ஆரம்பிங்க. உங்களை எடுத்தாச்சு. சர்டிபிகேட் இங்கனயே இருக்கட்டும்.”

படித்ததற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி அவர் முழங்கைக்கு அடியில் இருந்தது. கத்தினால் கீழே கடையில் கேட்குமா, கதவை வெளியே பூட்டியிருப்பார்களோ என்றெல்லாம் ஓடியது.

“வீட்டுல கேட்டுட்டு வாரேன் சார்” என்றேன்.

“கேளுங்க. பேப்பர் இருக்கட்டும்.”

அவருடைய போன் அடித்தது. அதை எடுக்க அவர் கையைத் தூக்கியதும் ஃபைலை உருவிக்கொண்டு எழுந்தேன். “ஏம்மா! நில்லு!” என்று சத்தம் வந்தது. கதவு பூட்டியிருக்கவில்லை. தட்டிலிருந்து என் போனை எடுத்தபோது அந்தப் பெண் என்னைத் தடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்தபடியே வந்தேன்.

வீட்டு வாசலில் அப்பா சிரித்த முகமாக நின்றார்.

“இப்பத்தான் போன் வந்துச்சு. உன்னைய எடுத்துட்டாகளாம்ல! நல்லா பேசுனாப்ல. என்னையும் ஒருநா வரச் சொன்னாப்ல.”

அப்பாவின் நம்பரை விண்ணப்பத்தில் எழுதியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா ஃபைலை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார்.

“நான் போறதாத்தான் இருந்தேன் தாயி” என்றார்.

பிறகு சித்தப்பாவுக்குப் போன் போட்டு, அந்த ஆபீஸிலிருந்து யார் கூப்பிட்டாலும் பேச வேண்டாம் என்று சொன்னார். அடுத்து மாமாவுக்குப் போட்டார். அவர் லைன் வெகுநேரம் பிஸியாகவே இருந்தது. அவர் எடுக்கும்வரை நாங்கள் இருவரும் வாசலிலேயே நின்றிருந்தோம்.