நட்டு வைத்து எரித்த கட்டை

போன ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. காட்டுக் கொட்டகையின் தகரம் பாதி பறந்துவிட்டது, மதினியின் வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டு நனைந்து கிடக்கிறது என்று சாயங்காலம் சேதி வந்தது. நானும் மதினியும் ஓடினோம். நாங்கள் தாண்டிய பத்து நிமிடத்தில் ஓடையில் இடுப்புக்கு மேல் வெள்ளம். திரும்ப வழியில்லை.

அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான். கல்யாணமாகி நாலு வருடத்தில் மதினி தனக்கென்று வளர்த்தது அந்த ஒரு ஆடுதான். முதல் ஈத்து. குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன், கிணற்றுத் தண்ணீர் போலச் சில்லென்றிருந்தது. சப்பக்கூட இல்லை. உடனே கணப்பு மூட்டிச் சூடு காட்ட வேண்டும். ஆனால் கொட்டகைத் தரையெல்லாம் கரிசல் சேறு, கணுக்கால் வரை தண்ணீர். விறகை எங்கே அடுக்குவது?

ஒற்றைக் கட்டையை நிறுத்தி வைத்து, உச்சியில் தீ மூட்டினால் விடிய விடிய கீழ்நோக்கி எரியும் என்று போனில் பார்த்திருந்தேன். பார்த்ததிலிருந்து வீட்டில் எல்லோரிடமும் அதே பேச்சுதான். உட்காரப் போட்டிருந்த காய்ந்த சீமைக்கருவேலங் கட்டை ஒன்று மூலையில் கல் மேல் நனையாமல் இருந்தது. கோடாலியால் அதை நாலாகப் பிளப்பதற்குள் உள்ளங்கை கிழிந்துவிட்டது. நாலையும் இடைவெளி விட்டுச் சேர்த்து, அடியில் வேலிக்கம்பியைச் சுற்றி, கல்லின் மேல் நிறுத்தினேன்.

"என்ன கொழுந்தனாரே, வெறகையும் நட்டு வச்சுக் கும்புடப் போறீகளா?" என்றாள் மதினி.

"பாத்துக்கிட்டே இருங்க மதினி."

"விடியுற வரைக்கும் தாங்குமா?"

"அதெல்லாம் தாங்கும். நீங்க கையை வைக்காம இருந்தாப் போதும்."

எதற்குக் கையை வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. கடைசி ரெண்டு தீக்குச்சியில், உச்சிப் பிளவில் செருகிய சைக்கிள் டியூப் துண்டு பற்றியது. நடுப்பிளவில் தீ குபுகுபுவென ஏறியது. சந்தோஷத்தில் கத்தினேன். அதற்குள் ஒரு இடி. மிரண்ட தாயாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. தாய் இல்லாமல் குட்டிக்குப் பால் ஏது? பின்னாலேயே ஓடி, வரப்பில் பிடித்து இழுத்து வந்தேன்.

திரும்பினால் கொட்டகை முழுக்கப் புகை. தீ இல்லை.

"என்ன மதினி செஞ்சீக?"

"வெரசா எரிஞ்சு போகுதேன்னு மூடுனேன்."

கட்டையின் பிளவுகளில் எல்லாம் ஈரமண் அப்பியிருந்தது. மதினியின் பிறந்த வீட்டில் தலைமுறையாக, விறகை மண்ணால் மூடிக் கரியாக்கும் கரிமூட்டம் போடுகிறார்கள். மூட்டத்தில் எங்கே ஓட்டை விழுந்து கங்கு தெரிகிறதோ, அங்கே மண்ணை அள்ளி அப்ப வேண்டும், இல்லையென்றால் கட்டை சாம்பலாகிவிடும். நடக்கப் பழகியதிலிருந்து அவள் கை அதைத்தான் செய்திருக்கிறது. இந்தக் கட்டைக்கோ அந்த இடுக்குகள்தான் மூச்சு.

"காத்து போகணும் மதினி! போச்சு, எல்லாம் போச்சு!"

ரெண்டு பேரும் விரலால் மண்ணைத் தோண்டினோம். நகக்கண் வெந்தது. மாறி மாறி ஊதினோம். உள்ளே ஒரு கங்கு மட்டும் சிவப்பாக இருந்தது. அதுவும் கறுக்கும், ஊதினால் சிவக்கும். எவ்வளவு நேரமோ தெரியாது. கடைசியில் தீ எழுந்தது.

அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தோம். மதினியின் மடியில் ஒரு குட்டி விறைத்துக் கிடந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, காத்து வேணும்னு?" என்றாள். அதட்டவில்லை. அழவும் இல்லை.

வித்தை காட்டுகிற அவசரத்தில் இருந்தவன் நான்.

இன்னொரு குட்டியைத் தீயருகே வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தோம். வெகுநேரம் கழித்து அது அவள் விரலைச் சப்பியது. பாலூட்டக் கொண்டுபோனால் தாயாடு திரும்பிப் பார்க்கவில்லை. செத்ததையே நக்கிக்கொண்டும் கூப்பிட்டுக்கொண்டும் நின்றது.

"அதக் கண்ணுக்கு மறைவா வச்சாத்தான் இதச் சேக்கும். எடுத்துட்டுப் போங்க" என்றாள் மதினி.

தூக்கிக்கொண்டு வெளியே மழைக்குள் நடந்தேன். தாயாடு என் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தது.