முதல் தரத்தில் நான் போட்ட குரங்கு

1. மஞ்சள் பை

ஷோவுக்கு மூன்று நாள் இருந்தது. சின்னாளபட்டியில் தறி நெய்கிற தங்கவேல் பகல் பதினோரு மணிக்கு எங்கள் கடைக்கு வந்து மேசைமேல் ஒரு மஞ்சள் பையை வைத்தார். உள்ளே ஒன்பது வருஷம் ஓடிய கேம் மெஷின், இரண்டு கன்ட்ரோலர், பழைய துணியில் சுற்றிய வயர்.

"இத எடுத்துக்கங்கண்ணே. அதான் லாங் ஆக்சில் மூணாம் பாகம் வருதுன்னு தரம் ஒண்ணுல போட்டுட்டீகளே. அது இந்த மெஷின்ல ஓடாது. ஷோ முடிஞ்சா இத ஒரு பய சீண்ட மாட்டான்" என்றார்.

லாங் ஆக்சில் என்பது லாரி ஓட்டுகிற விளையாட்டு. அதைத் தரம் ஒன்றில், அதாவது கட்டாயம் வரும் என்ற பட்டியலில், போட்டவன் நான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த அரை மணி நேரத்தில் அந்த நெஞ்சில் விழுந்த அடியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஷோ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை அமெரிக்காவில் கேம் கம்பெனிகள் எல்லாம் கூடி, அடுத்து என்னென்ன வரப்போகிறது என்று மேடை போட்டுச் சொல்லும். அதற்கு முந்தைய ஒரு மாதம் எங்களுக்கு சீசன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் கடை. கீழே மெஷின் ரிப்பேர், பழசை வாங்கி விற்பது. மாடியில் ஒரு சின்ன அறை. அங்கேதான் எங்கள் தமிழ் வீடியோ சேனல். கடைக்கும் சேனலுக்கும் முதலாளி பழனிச்சாமி. வீடியோவுக்குக் குரல் கொடுத்து எடிட் செய்கிறவள் ரஹ்மத். என்ன வரும், எது வராது என்று தோண்டி எழுதுகிறவன் நான், மூக்கையா.

இப்போது இந்த வேலைக்கு ஊருக்கு நாலு பேர் கிளம்பியிருக்கிறார்கள். பாதிப் பேர் பொய்யர்கள். மீதிப் பேர் சோம்பேறிகள். அன்றைக்கு நான் சோம்பேறி வகையில் இருந்தேன்.

முதலாளி மெஷினை டிவியில் மாட்டிப் பார்த்தார். நன்றாக ஓடியது. பழைய மெஷினை வாங்கினால் முதல் காரியம் உள்ளே இருப்பதையெல்லாம் அழிப்பது. 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று திரை கேட்டது. அவர் கட்டைவிரல் பட்டனுக்குப் போனபோது வாசலில் ஒரு சத்தம்.

"கைய எடுங்க!"

தங்கவேலின் மனைவி சரோஜா. கையெல்லாம் சாயம். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து மினி பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டீகளா? ஒம்பது வருசமா லாரி ஓட்டுறது யாரு? நீங்களா, நானா? நீங்க ஒருவாட்டி ரிவர்ஸ் எடுத்து பெட்ரோல் பங்கையே இடிச்சீக. இன்னும் மூணு ரூட்டுதான் பாக்கி. மூணே மூணு! அத அழிச்சுட்டா நான் மறுபடி ஒண்ணாம் நம்பர் ரூட்டுல இருந்து உருளக்கெழங்கு ஏத்தணுமா?"

"புதுசு வாங்கித் தாரேன் புள்ள" என்றார் தங்கவேல், தரையைப் பார்த்து.

"புதுசு வந்தாத்தான?"

பழைய மெஷின். அதில் சேமித்ததை வேறு எங்கும் பிரதி எடுத்து வைக்க வழியில்லை. அழித்தால் அழிந்ததுதான். முதலாளி பட்டனிலிருந்து விரலை எடுத்தார். ஆனால் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை.

சரோஜா என் பக்கம் திரும்பினார். "நீங்கதான அந்த வீடியோல கத்துறவரு? வரும்னு அம்புட்டு அடிச்சுச் சொன்னீகளே, ஒங்களுக்கு யாருண்ணே மொதல்ல சொன்னது?"

"வாங்க, மேல வந்து பாருங்க" என்றேன்.

2. மண்டிப் பழக்கம்

நான் இந்தத் தொழிலுக்கு வருமுன் ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் பதினைந்து வருஷம் தரம் பிரித்தவன். தக்காளியோ கத்தரிக்காயோ கையில் எடுத்தால் போதும், எந்தப் பெட்டிக்குப் போகவேண்டும் என்று விரல் சொல்லும். முதுகு போனது. டாக்டர் படுக்கச் சொன்னார். படுத்துக்கொண்டு செய்யக்கூடிய காரியம் விளையாட்டு ஒன்றுதான் என்று விளையாட ஆரம்பித்தேன். விளையாடியவன் குறை சொல்ல ஆரம்பித்தேன். குறை சொன்னவனைப் பழனிச்சாமி வேலைக்கு வைத்துக்கொண்டார்.

மண்டியில் நாளைக்கு என்ன விலை என்று எவனும் வாயால் கேட்க மாட்டான். கேட்டால் பொய்தான் வரும். கேரளா லாரி எத்தனை நிற்கிறது, காலிச் சாக்கு யார் அதிகம் எடுத்தான் என்று கண்ணால் பார்ப்பான். அதே பழக்கத்தைத்தான் நான் மாடிக்குக் கொண்டுவந்தேன். கம்பெனிக்காரன் வாயைப் பார்க்காதே. அவன் யாரை வேலைக்கு எடுக்கிறான், எந்தப் பெயரைப் பதிவு செய்கிறான், விளையாட்டுக்கு எந்த நாட்டில் வயதுச் சான்று வாங்குகிறான் என்று பார்.

சுவரில் ஒரு பலகை மாட்டினேன். மூன்று கட்டம். ஆதாரம் கண்ணில் பட்டால் தரம் ஒன்று. கணக்குப் போட்டுச் சொல்வது தரம் இரண்டு. வெறும் ஆசை என்றால் தரம் மூன்று. தரம் மூன்றில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். பிரியாணிக் கடை மாஸ்டர் ஒருத்தர் ஆறு வருஷமாக ஒரே சண்டை விளையாட்டை எழுதிக்கொண்டிருக்கிறார். "ஏலே, அந்தக் கம்பெனிய இழுத்து மூடியாச்சுய்யா" என்றால், "ஆசக்கி என்னய்யா கம்பெனி" என்பார். சீசனில் அந்த அறை சந்தை மாதிரி இரைச்சலாக இருக்கும். எனக்கு அது பிடிக்கும். ஷோவைவிட ஷோவுக்கு முந்தைய சண்டைதான் ருசி.

லாங் ஆக்சில் விஷயத்தில் நான் பார்த்த ஆதாரம் ஒன்றே ஒன்று. அந்தக் கம்பெனி, கனரக வாகன என்ஜின் சத்தம் பதிவு செய்ய ஆள் வேண்டும் என்று விளம்பரம் போட்டிருந்தது. அதை வைத்து மூன்றாம் பாகம் வரலாம் என்று தரம் இரண்டில் போட்டேன். சரியான தரம். வீடியோவும் போட்டோம். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெளிநாட்டு கேம் தளத்தில் செய்தி வந்தது. லாங் ஆக்சில் மூன்று வருகிறது, எங்களுக்கு நம்பகமான ஆள் சொன்னார் என்று தலைப்பு. ரஹ்மத் சொந்தக்காரர் நிக்காஹ்வுக்குப் போயிருந்தாள். எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், அவ்வளவுதான். தலைப்பையும் முதல் நாலு வரியையும் படித்தேன். இரண்டாவது சாட்சி கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். பலகையில் தரம் இரண்டை அடித்துத் தரம் ஒன்றில் எழுதினேன். என் சொந்தக் குரலிலேயே கத்தி ஒரு வீடியோவும் போட்டேன். பெட்டியின் மேலடுக்கை மட்டும் பார்த்து முழுப் பெட்டிக்கும் விலை சொல்லுகிறவனை மண்டியில் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன் தெரியுமா?

3. ரஹ்மத் வாசித்தாள்

மாடியில் எல்லோரும் நின்றோம். முதலாளி, தங்கவேல், சரோஜா. அன்று காலைதான் வேலைக்குத் திரும்பியிருந்த ரஹ்மத்திடம் அந்தச் செய்தியை எடுத்து முழுக்க வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். எனக்கு அவ்வளவு தைரியம்.

அவள் வாசித்தாள். மூன்றாம் பாகம் வருகிறது. என்ஜின் சத்தத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். நான் சரோஜாவைப் பார்த்துத் தலையாட்டினேன். ரஹ்மத் கீழே இறக்கிக்கொண்டே போனாள். திடீரென்று நின்றாள்.

"என்னாச்சு? படி."

"அண்ணே... தென்னிந்தியாவுல உள்ள ஒரு மலை ரோடு இதுல வருதாம். பதினெட்டு கொண்டை ஊசி வளைவாம்."

"சரி."

"வளைவுல லாரிய நிறுத்துனா குரங்கு கேபினுக்குள்ள கைய விட்டு பன்னப் புடுங்கிட்டுப் போகுமாம்."

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பதினெட்டு வளைவு எங்கள் சிறுமலை ரோடு. குரங்கு என்னுடையது. அந்த முதல் வீடியோவின் கடைசியில், "எனக்கென்னமோ சிறுமலை ரோட்டையும் பன்னு புடுங்குற குரங்கையும் வச்சாத்தான் இந்த கேமு உருப்படும்" என்று கிண்டலாக எழுதிக் கொடுத்து ரஹ்மத்தை வாசிக்க வைத்திருந்தேன். எவனோ ஒருத்தன் எங்கள் வீடியோவின் கீழே கம்ப்யூட்டர் தானாகப் போட்ட ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்து, கிண்டலையும் சேர்த்துச் செய்தியாக்கிவிட்டான். அவர்களுடைய நம்பகமான ஆள் நான். என்னுடைய இரண்டாவது சாட்சியும் நான்.

ரஹ்மத்துக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "யா அல்லாஹ், நம்ம குரங்கு பாஸ்போர்ட் இல்லாம போயிட்டு வந்துருச்சுண்ணே!" என்று நாற்காலியில் சாய்ந்தாள். சரோஜா சிரிக்கவில்லை.

"அப்ப நீங்க சொன்னதத்தான் நீங்களே கேட்டு, நீங்களே நம்பி, என் லாரிய விக்கச் சொன்னீகளாக்கும்?"

எனக்குக் கோபம் வந்தது. வெளிநாட்டுக்காரன்மேல் வந்து, அங்கே நிற்காமல் என்மேலேயே திரும்பியது. கீழே இறங்கினேன். டிவியிலிருந்து மெஷினைக் கழற்றினேன். வயரைச் சுற்றி மஞ்சள் பைக்குள் வைத்து சரோஜா கையில் கொடுத்தேன்.

"ஷோ முடியுற வரைக்கும் யார் சொன்னாலும் விக்காதீங்க. நான் சொன்னாலும் விக்காதீங்க."

"நீங்க சொன்னாத்தான் மொதல்ல விக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் புருஷனை முன்னால் விட்டு அவர் பின்னால் போனார்.

4. கழிவுப் பெட்டி

முதலாளியோடு அன்று மத்தியானம் சண்டை. நல்ல மனுஷன், ஆனால் வியாபாரி.

"ஏனுங்க மூக்கையா, இன்னும் மூணே நாளுங்க. வாயத் தொறக்காம இருந்தா என்னுங்க? வந்துட்டா நாமதான் ராசா. வரலைன்னா எல்லாருமே தப்பாச் சொன்னாங்கன்னு போயிருமுங்க."

"இன்னிக்கு ஒருத்தர் மெஷினத் தூக்கிட்டு வந்தாரு. நாளைக்கு எத்தன பேரு வருவான்? அம்புட்டுப் பேருக்கும் அழிக்கிற பட்டன நீங்கதான் அமுக்கப் போறீங்க."

"நாம பொய் சொல்லலீங்களே."

"தரம் தப்பாப் போட்டோம். அது பொய்யவிடக் கேவலம். தப்ப ஒத்துக்கிட்டு வீடியோ போட விடலைன்னா நான் மண்டிக்கே போறேன், இந்த முதுகோட."

அவர் காபி சொல்லி அனுப்பினார். அவரும் ஒட்டன்சத்திரத்துக்காரர்; அந்த ஊரில் காபி சொன்னால் சம்மதம் என்று அர்த்தம்.

வீடியோவில் நான் எதையும் மழுப்பவில்லை. இது என் குரங்கு, என் வளைவு, நான் பாதிதான் படித்தேன், லாங் ஆக்சில் மறுபடி தரம் இரண்டு, இதை நம்பி மெஷினை விற்காதீர்கள் என்று சொன்னேன். ரஹ்மத் பின்னால் ஒரு குரங்குப் படத்தை ஓட்டவிட்டாள். நான் எடுக்கச் சொன்னேன். அவள் எடுக்கவில்லை. வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. வயசாகிவிட்டது, வீட்டில் உட்கார் என்றதுதான் அதில் மரியாதையானது.

5. ஷோ

ஷோ நம் ஊருக்கு நடுராத்திரியில் நடக்கும். நான் தூங்கிவிட்டுக் காலையில்தான் பார்ப்பேன். முதுகும் புத்தியும் அதைத்தான் சொல்கின்றன.

காலையில் ரஹ்மத் கூப்பிட்டாள். "அண்ணே, ஒக்காந்துக்கங்க. வந்துருச்சு."

லாங் ஆக்சில் மூன்று வந்துவிட்டது. முக்கால் நிமிஷப் படம். ஒரே சமவெளி, பனி, அதில் ஒரு லாரி. மலை இல்லை, வளைவு இல்லை, குரங்கு இல்லை. கடைசியில் பெயர் மட்டும் வந்தது. எப்போது வரும் என்று தேதி போடவில்லை.

உடனே வசவு திசை மாறியது. சரியாகச் சொன்னதை எதற்குடா வாபஸ் வாங்கினாய், கோழை என்றார்கள். முதலாளி ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நான் அப்பவே சொன்னனுங்களே" என்றார்.

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். முதல் தரப் பெட்டியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தக்காளியைப் போடுகிறாய். அது நல்ல தக்காளியாகவே இருந்துவிடுகிறது. அதனால் நீ தரம் பிரிக்கிறவன் ஆகிவிட மாட்டாய். அடுத்த தக்காளியையும் கண்ணை மூடிக்கொண்டுதான் போடுவாய். சொன்னது நடந்ததா என்று பார்க்காதே. எதை வைத்துச் சொன்னாய் என்று பார். ஒரு செய்தி கைக்கு வந்தால் கடைசி வரி வரைக்கும் படி. முதலில் யார் சொன்னது என்று பின்னாலேயே நட. நடந்து நடந்து உன் வீட்டு வாசலில் வந்து நின்றால், கழிவுப் பெட்டியில் போடு. இதற்கு மேல் இந்தத் தொழிலில் வித்தை ஒன்றும் கிடையாது.

ஷோவில் காட்டினார்களே தவிர, இன்றைக்கும் அந்த விளையாட்டு விற்பனைக்கு வரவில்லை. அன்று மெஷினை விற்றிருந்தால் தங்கவேல் வீட்டில் ஓட்ட ஒரு லாரியும் இருந்திருக்காது.

போன மாதம் சரோஜா ஒரு கன்ட்ரோலரைக் கொண்டுவந்தார். பிரேக் பட்டன் தேய்ந்து போயிருந்தது. பாக்கி மூன்று ரூட்டையும் முடித்துவிட்டாராம். இப்போது முதலிலிருந்து, ஹாரனே அடிக்காமல் ஓட்டிக்கொண்டிருக்கிறாராம். "இவரையும் கிளீனரா ஏத்திக்கிட்டேன்ணே. மேப் பாத்துச் சொல்றாரு. அதுலயும் பாதி தப்பு" என்றார். பக்கத்தில் தங்கவேல் சந்தோஷமாக நின்றார்.

பட்டன் மாற்றுகிற நேரத்தில் சரோஜா மாடிக்கு வந்து இந்த வருஷப் பலகையைப் பார்த்தார். தரம் ஒன்றில் எதுவும் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'முதலில் யார் சொன்னது' என்று ஒரு புதுக் கட்டம் போட்டிருக்கிறேன். அதையும் நின்று வாசித்தார்.

"தரம் ஒண்ணு காலியாக் கெடக்கேண்ணே. இந்த வருசம் அடிச்சுச் சொல்ல ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு."

"என்னது?"

"குரங்கு வராது."

அவரே சாக்பீஸை எடுத்துத் தரம் ஒன்றில் அதை எழுதிவிட்டுப் போனார். நான் அழிக்கவில்லை.