பதினோரு மணிச் சிரிப்பு

மாரீஸ்வரி சிரித்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். பேச்சுக்குச் சொல்வதில்லை, செட்டியார்பட்டியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். முதலில் மூச்சை ஒரு இழு இழுப்பாள். சிரிப்பு படிப்படியாக மேலே ஏறும். உச்சிக்குப் போய் ஒரு நொடி நிற்கும். கேட்கிறவர்கள் ‘அப்பாடா, முடிந்தது’ என்று நினைக்கிற நேரம் பார்த்து, பழைய பம்புசெட் பற்றிக்கொண்ட மாதிரி குலுங்கிக் குலுங்கி இறங்கும். அவள் கல்யாணத்தில் மாலை குறி தவறி நாதஸ்வரக்காரர் கழுத்தில் விழுந்தபோது அவள் சிரித்த சிரிப்பில் மேளமே நின்றுபோனது. துட்டி கேட்கப் போன ஒரு வீட்டில், செத்தவருக்குப் போட்ட மாலையை ஆடு வந்து இழுத்துத் தின்றதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அந்த வீட்டார் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை.

அவள் புருஷன் பால்சாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஹாரன் அடிப்பதற்கே கூச்சப்படுகிற மனுஷன். இருபத்திரண்டு வருஷமாக அவன் பெண்டாட்டியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஏட்டி, மெதுவாச் சிரி. தெருவே எட்டிப் பாக்குது.”

கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, பாவம். அவளும் கேட்டுக்கொண்டாள். சிரிப்பு வந்தால் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்வாள். பாதிச் சிரிப்பு வெளியே போகும். மீதி வயிற்றுக்குள் போய் வலிக்கும். பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் வேலை பார்த்த பதினோரு வருஷம்தான் அவள் ஆசை தீரச் சிரித்த காலம். தறி ஓடுகிற இரைச்சலில் யார் சிரிப்பு யாருக்குக் கேட்கப் போகிறது? பிறகு பஞ்சுத்தூசி நெஞ்சில் ஏறி இளைப்பு வந்தது. டாக்டர் தறிக்கூடத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்றுவிட்டார். அப்படித்தான் அவள், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மலையடிவாரத்தில் இருந்த சின்ன உயிரியல் பூங்காவுக்கு வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

வேலை என்ன தெரியுமா? வெளியே போகிற வாசலில் ஒரு நீளமான நோட்டோடு உட்கார்ந்திருப்பது. போகிறவர்களை மறித்துக் கருத்து எழுத வைப்பது. நோட்டில் மூன்று கட்டம்: விலங்கு, கூண்டு, குறை.

சும்மா இருக்கிறவனைக் கூப்பிட்டு ‘குறை எழுது’ என்றால் விடுவானா? அதுவும் இந்த இரண்டு ஊர்க்காரர்கள்! ‘மயில் எங்கள் சோளக்காட்டில் நூறு நிற்கிறது, பிடித்துப்போக ஆள் அனுப்பவும்’ என்று ஒருவர் எழுதினார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடைக்காரர் ஒருவர் நீலமானைச் சுற்றிச் சுற்றி வந்து, ‘மடி நன்றாக இருக்கிறது, கறந்து பார்த்தீர்களா?’ என்று எழுதினார். குரங்கு தன்னை முறைத்ததாக ஒரு புதுமாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தார். கூண்டுக் கட்டத்தில் ஒரு அம்மா, ‘கரடிக்கு எங்கள் வீட்டைவிடப் பெரிய இடம். காற்றோட்டமும் உண்டு. வாடகைக்குக் கிடைக்குமா?’ என்று கேட்டிருந்தார்.

ராஜபாளையத்துக்காரர்கள் கதை தனி. அவர்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு மிருகம்தான் உண்டு. அது அவர்கள் ஊர் வெள்ளை நாய். மிச்சமெல்லாம் அந்த நாயிலிருந்து எவ்வளவு தூரம் விலகிப்போய்க் கெட்டது என்பதுதான் கணக்கு. ஒட்டகச்சிவிங்கியைக் காட்டினாலும் மூக்கு ரோஸ் நிறமா, வால் லேசாக வளைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இப்படிப்பட்டவர்கள் முன்னால்தான் செண்பகம் வந்து இறங்கியது.

செண்பகம் ஒரு பெண் கழுதைப்புலி. உடம்பெல்லாம் கறுப்பு வரி, முதுகில் சிலிர்த்த பிடரி. ஜனங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க, இன்னொரு பூங்காவிலிருந்து மூன்று மாதத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பாறையும் குகையும் இலந்தைப் புதருமாக அதற்கு அரை ஏக்கரில் இடம் போட்டிருந்தது. முதல் நாளே சங்கையா அண்ணாச்சி வந்தார். நாய் வளர்ப்பதில் ராஜபாளையத்துப் பெரிய கை. அவர் ஒரு குட்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் அந்தக் குட்டிக்குக் கல்யாணம் ஆகாது. பாறைமேல் நின்ற செண்பகத்தை அவர் ஐந்து நிமிஷம் பார்த்தார்.

“முதுகு சரியுது பாத்தியாம்மா? பின்னங்கால் குட்டை. பொறப்புலயே கோளாறு. இல்லன்னா தீனி போடல.”

“அண்ணாச்சி, அதோட சாதியே அப்படித்தானாம்.”

“எந்தச் சாதியிலயும் பின்னங்கால்னா பின்னங்கால்தான்” என்று சொல்லிவிட்டுக் குறைக் கட்டத்தில் எழுதினார்: ‘பின்னங்கால் ஊனம். சிகிச்சை தேவை.’

அவ்வளவுதான். அண்ணாச்சி எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுத, அவரைப் பார்த்து அதற்கடுத்தவர் எழுத, இரண்டு மாதத்தில் நோட்டு முழுக்க நொண்டிக் கழுதைப்புலி ஆகிவிட்டது. மிச்சப் பேர் எழுதியது இன்னொன்று. ‘சிரிக்கும் என்று சொன்னார்கள். சிரிக்கவில்லை. ஏமாற்றம்.’ செண்பகமோ பகலில் குகையைவிட்டு வருவதையே நிறுத்திக்கொண்டது.

பூங்காவின் சூப்பர்வைசர் பெலிக்ஸ் ஒருநாள் நோட்டைப் புரட்டிவிட்டுத் தலையில் கைவைத்தார். “மாரீஸ்வரி, மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை ஹெட் ஆபீஸ்ல இருந்து மிருக டாக்டரம்மா வாராங்க. நோட்டப் பாத்துட்டுத்தான் முடிவு. ஜனங்களுக்குப் பிடிக்கலன்னா செண்பகத்தை வடக்க எங்கயோ அனுப்பிருவாங்க.”

மாரீஸ்வரி அவர் கையிலிருந்த நோட்டை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். ஏனென்று பெலிக்ஸுக்குத் தெரியாது.

அவள் மத்தியானச் சோறு தின்பது கழுதைப்புலிக் கூண்டுக்குப் பின்னால், தீனி அறையில். அங்கே ஆள் வராது. தின்றுகொண்டே நோட்டை வாசிப்பாள், வாசித்தால் சிரிப்பு வரும், சிரிப்பு வந்தால் அங்கே முந்தானை தேவையில்லை. முதல் தடவை அவள் அப்படிச் சிரித்தபோது குகைக்குள்ளிருந்து செண்பகம் எழுந்து வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, பெரிய காதைத் திருப்பிக் கேட்டது. சிரிப்பு முடிகிறவரை நின்றது, முடிந்ததும் அங்கேயே படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து தினமும் வந்தது. பிறந்து நாற்பத்தொரு வருஷத்தில் தன் சிரிப்பைக் கேட்டு ஓடாமல், முகம் சுளிக்காமல், பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரே ஜீவன் அதுதான். அதைப்போய் அனுப்பிவிடுவதா!

அந்த வாரமே அது நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம் வந்து முன்பக்கம் நின்று “சிரி! சிரி!” என்று கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தது. பின்னால் தீனி அறையில் மாரீஸ்வரி, ‘முதலை அசையவே இல்லை, பொம்மையை வைத்து ஏமாற்ற வேண்டாம்’ என்ற கருத்தை வாசித்துத் தொலைத்தாள். அதற்குக் கீழேயே, முதலை வாயைத் திறந்ததும் அப்படி எழுதியவர் செருப்பை விட்டுவிட்டு ஓடியதை வேறொருவர் எழுதியிருந்தார். மாரீஸ்வரி மூச்சை ஒரு இழு இழுத்தாள். ஏறியது, உச்சியில் நின்றது, குலுங்கிக்கொண்டு இறங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் செண்பகம் வழக்கம்போலக் குகையிலிருந்து ஓடிவந்தது.

முன்னால் நின்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது என்ன? சிரிப்புக் கேட்டது, கழுதைப்புலி வந்தது.

“ஐயோ, சிரிச்சிருச்சு! சிரிச்சிருச்சு!” என்று கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அன்றைக்கு மட்டும் முப்பத்தெட்டுப் பேர் விலங்குக் கட்டத்தில் ‘அருமை’ என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

மாரீஸ்வரி நோட்டைப் பார்த்தாள். செண்பகத்தைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து காலை பதினோரு மணிக்கு ஒரு சிரிப்பு, மத்தியானம் மூன்றுக்கு ஒரு சிரிப்பு. நோட்டு கையில் இருக்கிறவரை சரக்குக்குப் பஞ்சமில்லை. வத்திராயிருப்பிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். பிளவக்கல் அணைக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கினார்கள். சங்கையா அண்ணாச்சி மட்டும் தினமும் வந்து, கண்ணை மூடிச் சிரிப்பைக் கேட்டுவிட்டு, ஒன்றும் எழுதாமல் போனார். அது மாரீஸ்வரிக்கு உறுத்தியது.

யாரோ வீடியோ எடுத்துப் போட, அது செட்டியார்பட்டி டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தது. பால்சாமி வடையைக் கடித்த வாயோடு நின்றுவிட்டான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“ஏட்டி, சிரிச்சது யாரு?”

“செண்பகம்.”

“இருபத்திரெண்டு வருசமாக் கேக்கேன். எனக்குத் தெரியாதா?”

அவள் தரையைப் பார்த்தாள். “ஆமா, நாந்தான். அதை அனுப்பிருவாங்கங்க.”

“வேலை போயிரும்ட்டி! பெரிய டாக்டரம்மா வாராங்கன்னு சொல்லுத. மிருகத்தோட சத்தம் அவியளுக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை மட்டும் வாயத் தொறக்காத, சொல்லிட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை கூட்டமான கூட்டம். டாக்டரம்மா வந்ததுமே பெலிக்ஸிடம், “வீடியோ பாத்தேன். சிரிக்கிற மாதிரி சத்தம் போடுறது புள்ளிக் கழுதைப்புலி. இந்த வரிக் கழுதைப்புலி இப்படிச் சிரிக்கவே சிரிக்காது. எனக்கு அதை நேர்ல கேக்கணும்” என்றார். மாரீஸ்வரி தீனி அறைக்குப் போகாமல் கூட்டத்தோடு முன்னாலேயே நின்றாள்.

பதினோரு மணி ஆனது. சிரிப்பு வரவில்லை. சிரிப்பு வராததால் செண்பகமும் வரவில்லை. கால்மணி நேரம் போனது. கூட்டம் முணுமுணுத்தது. டாக்டரம்மா நோட்டின் முன்பாதியைப் புரட்டி, நொண்டி, ஊனம், ஏமாற்றம் என்று வரிசையாக வாசித்தார். பேனாவை மூடினார்.

“சரி பெலிக்ஸ், வெளியவே வரமாட்டேங்குது, பயந்துபோய்க் கெடக்கு. அனுப்பிடுறதுதான் அதுக்கும் நல்லது.”

அதற்குமேல் மாரீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. “மேடம், சிரிச்சது நாந்தான். அதுமேல தப்பு இல்ல.”

கூட்டம் ‘ஓ’ என்றது. ஒருவரும் நம்பவில்லை. “மனுசி போடுற சத்தமா அது?” என்று யாரோ கேட்டார்கள். அப்போது சங்கையா அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

“அந்தப் பிள்ளை சொல்லுறது நெசம். எனக்கு மொத நாளே தெரியும். எந்த மிருகமும் உச்சியில நின்னு அப்படி மூச்சு வாங்காது.”

“அப்புறம் ஏன் தினமும் வந்தீங்க?” என்றார் டாக்டரம்மா.

“கேக்க நல்லாருந்துச்சு.”

டாக்டரம்மா மாரீஸ்வரியைப் பார்த்தார். “எங்கே, சிரிங்க பாப்போம்.”

சொன்னதும் சிரிப்பு வந்துவிடுமா? இருநூறு பேர் பார்க்கிறார்கள், கண்ணில் தண்ணீர் முட்டுகிறது, முந்தானையைத் தேடிக் கை தானாக வாய்க்குப் போகிறது. ஒரு விக்கல்தான் வந்தது. அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. ஹாரன் அடிக்கக் கூச்சப்படுகிறவனின் குரல்!

“ஏட்டி, சத்தமாச் சிரி!”

இருநூறு தலையும் திரும்பிப் பார்த்தன. பால்சாமி முகம் பழுத்த மிளகாயாகச் சிவந்து நின்றான்.

இருபத்திரண்டு வருஷம் மெதுவாச் சிரி, மெதுவாச் சிரி என்ற வாய்! மாரீஸ்வரி மூச்சை ஒரு இழு இழுத்தாள். பிறகு ஏறியது பாருங்கள், அப்படி ஒரு ஏற்றம்! மரத்திலிருந்த காக்காயெல்லாம் பறந்தன. உச்சியில் நின்றது, இறங்கியது, இறங்கும்போது கூட்டத்தையும் பிடித்து இழுத்துக்கொண்டது. பெலிக்ஸ் சிரித்தார், டாக்டரம்மா நோட்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். குகைக்குள்ளிருந்து செண்பகம் வந்தது. அத்தனை ஜனத்தையும் சட்டை பண்ணாமல் நேரே முன்பக்கக் கம்பிக்கு வந்து, மாரீஸ்வரிக்கு எதிரே காதைத் திருப்பிக்கொண்டு நின்று, முடிகிறவரை கேட்டுவிட்டுப் படுத்தது.

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். “பகல்ல, இவ்வளவு கூட்டத்துக்கு நடுவுல, இது இப்படி வந்து படுத்து நான் எங்கேயும் பாத்ததில்லை” என்றார். “பெலிக்ஸ், இது இங்கேயே இருக்கட்டும். ஆனா இனிமே ஜனங்களை ஏமாத்தக் கூடாது. போர்டுல உண்மையை எழுதிடுங்க.”

போர்டு இப்போதும் இருக்கிறது: ‘செண்பகம். பெண் வரிக் கழுதைப்புலி. சிரிக்காது. சிரிப்பவர் மாரீஸ்வரி, பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும்.’

அன்றைக்குக் கருத்து எழுத நின்ற வரிசை கேட்டைத் தாண்டிப் போனது. சங்கையா அண்ணாச்சி, ‘பின்னங்கால் சரியாகவே உள்ளது. நான்தான் நாயைப் பார்க்கிற கண்ணால் பார்த்துவிட்டேன்’ என்று எழுதினார். ராஜபாளையத்துக்காரர் ஒருவர் இதை ஒப்புக்கொள்வது சின்ன விஷயமா! வரிசையின் கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு பால்சாமி வந்தான். பேனாவை வாங்கி, எழுத்துக்கூட்டி எழுதி, நோட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் லோடு ஆட்டோவைப் பார்த்து நடந்தான்.

மாரீஸ்வரி வாசித்தாள்.

விலங்கு: நன்று. கூண்டு: நன்று. குறை: இந்தச் சிரிப்பு எங்கள் வீட்டில் கேட்பதில்லை.