லிஃப்டின் தலைமேல் நிற்கும் மாப்பிள்ளை

லிஃப்ட் பழுது பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு அதை இயக்குவார். இன்னொருவர் அடியில் இருக்கும் குழிக்குள் இறங்குவார். எங்களில் மேலே நிற்பவர் என் தங்கையின் வீட்டுக்காரர். பதினெட்டு வருடமாக அங்கேதான் நிற்கிறார். எப்போதும் உச்சியிலேயே இருப்பதால் கம்பெனியில் அவருக்குக் குருவி என்று பெயர். எந்த மாடிக் கதவின் உருளை தேய்ந்திருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். குழிக்குள் இறங்குபவன் நான். என் உயிர் அவர் காதில்தான் இருக்கப்போகிறது என்று கல்யாணத்துக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால், தங்கைக்கு வேறு மாப்பிள்ளை பார்த்திருப்பேன்.

அன்று ஆறு மாடிக் கட்டடம். அடியில் தொங்கும் கேபிள் எங்கே உரசுகிறது என்று நான் பார்க்க, அவர் பெட்டியை மெல்ல இறக்கிக்கொண்டிருந்தார். உரசும் இடம் தெரிந்ததும் "நிறுத்துங்க மாப்ள!" என்றேன். நிற்கவில்லை. "நிறுத்து! யோவ், நிறுத்து!" அந்த நேரத்தில் மரியாதையா வரும்? பெட்டி என் தலைமயிரைத் தொட்டுவிட்டது. குப்புற விழுந்து, தவழ்ந்து போய், சுவரில் இருந்த சிவப்பு சுவிட்சை அடித்தேன். பெட்டி நின்றது.

ஏணியில் ஏறி வந்த என்னிடம், "கூப்பிட்டீங்களா மச்சான்?" என்று கேட்டார். பெட்டியை விட அந்தக் கேள்விதான் என்னைக் கதிகலங்க வைத்தது.

முதலில் மழுப்பினார். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து உண்மையைக் கக்கினார். மூன்று மாதத்துக்கு முன் பிடித்த சளி விட்டும், இரண்டு காதும் தலையணை வைத்து அடைத்தது போலவே இருக்கிறதாம்.

"சொன்னா மேல ஏத்த மாட்டாங்களே மச்சான். வேற என்ன வேலை எனக்குத் தெரியும்?"

"உங்க வேலை போகாம இருக்க என் உயிர் போகணுமா?"

அவருடைய ஆறு வயது மகளுக்கும் இதே தொல்லைதான். போன மாதம் அவளுக்குக் காதில் ட்யூப் வைத்தார்கள். வீட்டில் டிவி அலறியதெல்லாம் மகளால்தான் என்று தங்கை நினைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனை அவள் சந்தேகப்படவே இல்லை.

அதே டாக்டரிடம் போனோம். "செவிப்பறைக்குப் பின்னாடி தண்ணி கட்டியிருக்கு. சின்னதா கீறி, அதை உறிஞ்சி எடுத்துட்டு, நொய்யரிசியைவிடச் சின்ன ட்யூப் வைக்கணும். காத்து போய்வர வழி கிடைக்கும். சில மாசம் கழிச்சு தானா விழுந்துடும்" என்றார்.

ஆறு மாடிப் பள்ளத்தை அலட்சியமாக எட்டிப் பார்க்கிற மனிதருக்கு இந்த ட்யூப் பேயாகத் தெரிந்தது. ஓட்டை போட்டு, இருப்பதும் போய்விட்டால்? சாப்பாடு இறங்கவில்லை. மகள்தான் தேற்றினாள். "ஒண்ணுமே தெரியாதுப்பா. முகமூடி வைப்பாங்க, தூங்கிடுவீங்க. எழுந்ததும் கொஞ்சம் அழுதுக்கலாம்." அதை நம்பித்தான் ட்யூப் வைத்துக்கொள்ள வந்தார். டாக்டர் விளக்கியதை அந்தக் காதால் பாதிதான் கேட்டிருப்பார்.

நாற்காலியில் தலையைச் சாய்க்கச் சொன்னதும், "முகமூடி எங்கே?" என்றார்.

"அது குழந்தைங்களுக்கு. அசைஞ்சுடுவாங்கன்னு மயக்கம் கொடுப்போம். உங்களுக்கு மரத்துப்போற மருந்தே போதும்" என்று டாக்டர் உரக்கச் சொன்னார்.

மாப்பிள்ளை என் கையைப் பிடித்தவர் கடைசிவரை விடவில்லை. வலி இல்லையாம்; உறிஞ்சும்போது மட்டும் காதுக்குள் புயல் அடித்ததாம். எனக்கு வேறு கவலை. இது பலிக்காவிட்டால் இந்த மனிதர் அதையும் மறைத்துவிட்டு மேலே ஏறிவிடுவாரே!

வீட்டுக்கு வந்ததும் தங்கை பேப்பரை மடித்தாள். அந்தச் சத்தத்துக்கே திடுக்கிட்டார். மூன்றாம் நாள் தலையணையில் ரத்தம் கலந்த நீர் படிந்திருந்தது. "போச்சு, எல்லாம் போச்சு" என்று உட்கார்ந்துவிட்டார். டாக்டருக்கு போன் போட்டோம். முதல் சில நாள் இப்படி வரலாம், சொட்டு மருந்தை விடாமல் போடுங்கள், நிற்காவிட்டால் வாருங்கள் என்றார். இரண்டு நாளில் நின்றது. குளிக்கும் முன் அப்பாவும் மகளும் வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இரண்டு வாரம் கழித்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, காது நன்றாகக் கேட்கிறது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அதே கட்டடம். சீட்டில் என்ன வேண்டுமானாலும் எழுதியிருக்கட்டும், சீட்டா குழிக்குள் இறங்கப் போகிறது? சிவப்பு சுவிட்சை ஒட்டி நின்றேன். பெட்டி இறங்கியது. "நிறுத்துங்க மாப்ள" என்று சாதாரணக் குரலில் சொன்னேன். நின்றது.

இனி சுவிட்சை விட்டு விலகி, கேபிளுக்கு அடியில் போய் நிற்க வேண்டும். ஒரு கையைச் சுவிட்சிலேயே வைத்திருந்தேன். "பயமா இருக்கே சாமி" என்று முணுமுணுத்தேன். என் காதுக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

மேலே இருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"எனக்கும்தான் மச்சான்."